மடியும் இருக்கையும்

இலக்கியப் பத்திரிகையில் குழந்தைக்கான கார் இருக்கையைப் பற்றி எழுத உட்காருவது நண்பர்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடந்த ஆறு மாதங்களில் நான் வரிவரியாக, சந்தேகத்தோடு, திரும்பத் திரும்பப் படித்த பிரதி எது என்று கேட்டால், ஓர் இருக்கையின் கையேடு என்றுதான் சொல்ல வேண்டும். எந்தக் கவிதைத் தொகுதிக்கும் நான் அவ்வளவு உழைப்பைக் கொடுத்ததில்லை. கவிதையைத் தப்பாக வாசித்தால் இன்னொரு விமர்சகன் வந்து திருத்திவிடுவான். இதைத் தப்பாக வாசித்தால் திருத்த ஆளில்லை.

நான் இருப்பது மணிமுத்தாறில். பக்கத்து ஊரில் பாங்கு வேலை. பதினோரு வருஷப் பழசான ஒரு சிறிய காரைக் கடன் போட்டு வாங்கியிருக்கிறேன். போன ஐப்பசியில், மகளுக்கு ஒன்பது மாதம் நடந்துகொண்டிருந்தபோது, தடுப்பூசிக்காகக் கிளம்பினோம். மனைவி முன் சீட்டில். குழந்தை அவள் மடியில். மழை விட்டிருந்தது. கல்லிடைக்குறிச்சிக்குப் போகிற ரோட்டில், நான் அப்போது வந்திருந்த ஒரு கவிதைத் தொகுதியைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். வயலிலிருந்து ஆடுகள் ஏறின. முதல் ஆட்டைப் பார்த்து வேகத்தைக் குறைத்தேன். இரண்டாவது, மூன்றாவது ஆடுகள் ஓடி வந்தபோது பிரேக்கை அழுத்தி மிதித்தேன். வண்டி முப்பது கிலோமீட்டர் வேகத்தில்தான் போயிருக்கும். ஆடு எதன்மேலும் மோதவில்லை. குழந்தை மடியிலிருந்து வழுக்கி முன்பலகையில் நெற்றி இடித்துக் கீழே சரிந்தது.

நெற்றியில் ஒரு வீக்கம். உதட்டில் கொஞ்சம் ரத்தம். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லைதான். நான் மறக்க முடியாமல் இருப்பது வேறு விஷயம். வண்டி நின்ற கணத்தில் திரும்பிப் பார்த்தபோது மனைவியின் கைகள் குழந்தையை அணைத்த நிலையிலேயே இருந்தன. வளைவு மாறவில்லை, உள்ளே குழந்தை இல்லை. அன்று ராத்திரி வரை அவள் பேசவில்லை. பிறகு விளக்கை அணைத்த பின் சொன்னாள்: “கை அப்படியேதாங்க இருந்துச்சு. அவதான் இல்ல.”

மறுநாள் பாங்கில், கூட்டம் குறைந்த நேரத்தில், ஒரு செலான் தாளின் பின்புறம் கணக்குப் போட்டேன். நான் பி.ஏ. ஆங்கிலம். பள்ளியில் படித்த பௌதிகம்தான் கைவசம் இருந்தது. அது போதுமானதாகவே இருந்தது. மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு ஏறத்தாழ 11 மீட்டர். அந்த வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதி, நசுங்கி, அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றால், உள்ளே இருப்பவர்மேல் செயல்படும் விசை அவர் எடையைப் போலப் பன்னிரண்டு மடங்குக்கு மேல். என் மகள் அப்போது எட்டே முக்கால் கிலோ. அந்தக் கணத்தில் அவளைப் பிடித்துக்கொள்வது என்றால் 110 கிலோவை அந்தரத்தில் நிறுத்துவது. அதாவது 75 கிலோ அரிசி மூட்டை ஒன்றும், அதன்மேல் இன்னொரு அரை மூட்டையும். அதுவும் முன்னறிவிப்பு இல்லாமல், ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள். அந்தக் கணத்தில் தாயின் உடம்பும் அதே வேகத்தில் முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. அவள் வார் மாட்டாமல் இருந்தால் குழந்தை அவளுக்கும் பலகைக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. ஆக, பாசம் எவ்வளவு என்ற கேள்வி இந்தக் கணக்கில் எந்த இடத்திலும் நுழையவில்லை.

இதே மாதிரிப் பக்கங்களில் உணர்ச்சி வழிதலை எதிர்த்து நான் நிறைய எழுதியிருக்கிறேன். தாய்மை, மடி, கதகதப்பு என்றெல்லாம் தயாராக வைத்திருக்கும் சொற்களைக் கொண்டு கவிதை செய்கிறவர்களைக் கண்டித்திருக்கிறேன். அனுபவத்தின் இடத்தில் அனுபவத்தைப் பற்றிய சம்பிரதாயமான அபிப்ராயத்தை வைப்பதுதான் நம் கவிதையின் நோய் என்று ஒரு முறை எழுதினேன். அந்த வாக்கியத்தை எழுதியவனே தன் குழந்தையை மடி என்ற சம்பிரதாயத்தில் உட்கார வைத்துக் கார் ஓட்டியிருக்கிறான். மடியைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் இல்லை என்பதை நான் ஒருபோதும் யோசித்து ஏற்றுக்கொண்டதில்லை. யோசிக்காமலே அதற்குள் வளர்ந்திருந்தேன். விமர்சனம் என்பது அச்சில் வந்ததன்மேல் மட்டும் பாய்கிற ஒன்றாக இருந்தால் அதற்கு என்ன பெறுமதி என்று அந்தச் செலான் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள மயக்கம் இல்லை. அமெரிக்காவில் குழந்தைகளுக்குக் கார் இருக்கையைக் கட்டாயமாக்கிய முதல் மாநிலம் டென்னஸி. ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர் வருஷக்கணக்கில் வாதாடி 1977இல் சட்டம் நிறைவேறியது. 1978 தொடக்கத்தில் அமலுக்கு வந்தது. ஆனால் அதில் ஒரு விலக்கைச் சேர்த்துவிட்டார்கள்: பெரியவர் ஒருவர் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தால் இருக்கை வேண்டாம். சட்டசபையில் இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. தாயின் கையிலிருந்து குழந்தையைப் பிரிப்பது யாருக்கும் மனசுக்கு ஒப்பவில்லை, அவ்வளவுதான். குழந்தையை நசுக்கும் திருத்தம் என்று அந்த விலக்குக்குப் பெயரே வந்தது. அதை நீக்க 1981 வரை ஆயிற்று. ஒரு நல்ல உணர்ச்சி சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

நம் சட்டத்திலும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் வருஷத் திருத்தத்தில், பதினாலு வயது நிரம்பாத குழந்தையை வாரோ, குழந்தைக்குரிய இருக்கையோ இல்லாமல் காரில் கொண்டு போனால் ஓட்டுகிறவருக்கு 1,000 ரூபாய் அபராதம். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளை இரண்டு சக்கர வண்டியில் கொண்டு போவதற்கும் 2022இல் விதி வந்தது. 2023 பிப்ரவரியிலிருந்து அமல். ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயது வரை ஹெல்மெட் வேண்டும், ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் வார் வேண்டும், வேகம் 40க்கு மேல் போகக் கூடாது. மணிமுத்தாறு அணைக்கட்டு ரோட்டில் சாயங்காலம் அரைமணி நேரம் நின்று பார்க்கிறவர்களுக்கு இந்த விதி எந்த லோகத்தில் இருக்கிறது என்று புரியும். பெட்ரோல் டாங்கின்மேல் ஒன்று, நடுவில் ஒன்று, அம்மாவின் ஒக்கலில் ஒன்று. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. அவர்களிடம் இருப்பது அந்த ஒரு வண்டிதான். இருக்கையைத் தேர்ந்தெடுக்கிற கவலையே கார் உள்ளவனுடைய கவலை என்பது எனக்குத் தெரிகிறது. தெரிவதனால் கவலையிலிருந்து விடுதலை கிடைத்துவிடுவதில்லை.

தேட ஆரம்பித்தேன். முதலில் ஆபீஸ் நண்பர் ஒருவர் தன் பிள்ளைக்கு வாங்கியது சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொள் என்றார். நல்ல மனசு. வண்டி எப்போதாவது மோதியதுண்டா என்று கேட்டேன். ஒரு தடவை பின்னாலிருந்து லாரி இடித்தது, ஆனால் இருக்கைக்கு ஒன்றும் ஆகவில்லை, பாரும் என்றார். பார்த்தேன். ஒன்றும் ஆகாதது போலத்தான் இருந்தது. விபத்தைச் சந்தித்த இருக்கையைத் திரும்ப உபயோகிக்கக் கூடாது என்கிறார்கள். பிளாஸ்டிக் கூட்டின் உள்ளே விழுந்திருக்கும் கீறல் வெளியே தெரியாது. பிளாஸ்டிக்குக்கும் ஆயுள் உண்டு, தயாரித்த தேதி அடியில் இருக்கும். எப்படி மறுத்தேன் என்று நினைவில்லை. அவர் ஒரு வாரம் என்னோடு டீ குடிக்க வரவில்லை.

பிறகு திருநெல்வேலியில் ஒரு கடை. கடைக்காரர் ஓர் இருக்கையை மேஜைமேல் வைத்தார். பிறந்ததிலிருந்து ஏழு வயது வரை இது ஒன்றே போதும் என்றார். “ஒம்பது கிலோ ஆயிருச்சுன்னா முன்னால திருப்பிக்கிடலாம் சார். புள்ளையும் உங்க மொகத்தப் பாத்துக்கிட்டே வரும்.” அவர் பொய் சொல்லவில்லை. இருக்கையின் ஆரஞ்சு நிற வில்லையில் இருந்தது ஆர் 44 என்ற ஐரோப்பியத் தர எண். அந்தப் பழைய விதி குழந்தையை எடையால் பிரிக்கிறது: 13 கிலோ வரை ஒரு வகை, 9 முதல் 18 வரை இன்னொன்று. அதன்படி 9 கிலோ ஆன குழந்தையை முன்னோக்கி உட்கார வைக்கலாம். 2013இல் வந்த ஆர் 129 என்ற புதிய விதியோ உயரத்தை அளவாகக் கொள்கிறது. பதினைந்து மாதம் ஆகும்வரை குழந்தை பின்னோக்கித்தான் உட்கார வேண்டும் என்கிறது. ஒரே குழந்தை, இரண்டு பிரதிகள், இரண்டு தீர்ப்புகள். என் மகள் இன்னும் இருபது நாளில் 9 கிலோ ஆகிவிடுவாள். ஒரு பிரதியின்படி அவள் வளர்ந்தவள், மற்றதன்படி இன்னும் சிசு.

எந்த வாசிப்பை ஏற்பது என்பது ருசி சம்பந்தப்பட்ட விஷயமாக இருக்கவில்லை. சிசுவின் தலை அதன் உடம்பு நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. உடம்போடு ஒப்பிட்டால் கனமும் அதிகம். கழுத்து எலும்புகள் இன்னும் முழுசாக எலும்பாகவில்லை, பாதி குருத்தெலும்புதான். முன்னோக்கி உட்கார்ந்திருக்கும்போது வண்டி மோதினால் வார் உடம்பைப் பிடித்துக்கொள்ளும். தலையை எதுவும் பிடிக்காது. கழுத்துதான் அதைத் தாங்க வேண்டும். பின்னோக்கி உட்கார்ந்திருந்தால் தலை, கழுத்து, முதுகு எல்லாம் ஒன்றாக இருக்கையின் கூட்டில் அழுந்துகின்றன. விசை பரந்து போகிறது. இது எடை ஒன்பதா ஒன்பதரையா என்பதைப் பொறுத்து மாறுகிற உண்மை இல்லை. ஸ்வீடனில் பெர்ட்டில் ஆல்ட்மன் என்ற மருத்துவர் 1960களின் நடுவில் முதன்முதலாகப் பின்னோக்கிய குழந்தை இருக்கையைச் செய்து பார்த்தார். ஜெமினி விண்கலத்தில் போகிறவர்கள் மல்லாந்து சாய்ந்து, விசையை முதுகால் வாங்கிக்கொள்வதைப் பார்த்து வந்த யோசனை அது. வானத்துக்குப் போகிறவனுக்குச் செய்த ஏற்பாடு கல்லிடைக்குறிச்சிக்குப் போகிற குழந்தைக்கும் பொருந்துகிறது.

மனைவிக்கு ஒரே ஆட்சேபணைதான் இருந்தது. “அவ மொகம் தெரியாதே.” அது சின்ன ஆட்சேபணை இல்லை. முன் சீட்டிலிருந்து பார்த்தால் பின்னோக்கிய இருக்கையின் முதுகு மட்டும்தான் தெரியும். கடைசியில் அவள் முன் சீட்டை விட்டுவிட்டுப் பின்னால் குழந்தைக்குப் பக்கத்தில் உட்காருவது என்று முடிவாயிற்று. நான் இப்போது டாக்ஸி டிரைவர் மாதிரி தனியாக முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறேன். கவிதையைப் பற்றிப் பேச ஆளில்லை.

இன்னொரு சிக்கல் வண்டியால் வந்தது. புதிய கார்களில் இருக்கையை மாட்ட ஐஸோஃபிக்ஸ் என்ற இரும்பு வளையங்கள் சீட்டின் இடுக்கில் இருக்கும். ‘டக்’ என்று மாட்டிவிடலாம். எங்கள் வண்டியில் அது இல்லை, சீட்டு வாரால்தான் கட்ட வேண்டும். நான்கு இடங்களில் கேட்டேன். ஒரு கடைக்காரர்தான் பெட்டியைப் பிரித்து, இருக்கையை வண்டி வரை தூக்கிக்கொண்டு வந்து மாட்டிப் பார்க்கச் சம்மதித்தார். முதலாவதில் வாரின் நீளம் போதவில்லை. பின்னோக்கிய இருக்கையைச் சுற்றி வர நான்கு விரற்கடை குறைந்தது. இரண்டாவது மாட்டியது, ஆனால் பிடித்து ஆட்டினால் பக்கவாட்டில் கைவிரல் நீளத்துக்கு அசைந்தது. வார் நுழையும் இடத்தில் பிடித்து ஆட்டினால் ஒரு அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. மூன்றாவது சரியாக உட்கார்ந்தது. பார்க்க அவ்வளவு அழகில்லை. மெத்தை மெல்லியது, துணி சாம்பல் நிறம். எட்டாயிரத்துச் சொச்சம். மிகச் சிறந்த இருக்கை என்று தனியாக ஒன்று இல்லை, இந்தக் குழந்தைக்கு, இந்த வண்டியில், ஒவ்வொரு தடவையும் சரியாக மாட்ட முடிகிற இருக்கை என்றுதான் ஒன்று உண்டு என்பது அந்த வெயிலில், கடை வாசலில் புரிந்தது. கார் நிற்கும் பக்கம் ரோட்டோரமாக இறக்க வசதி என்பதால் பின் சீட்டில் இடது பக்கம் வைத்தேன்.

வீட்டில் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. முதல் நாள் வாரை மாட்டியபோது குழந்தை அலறியது. அம்மா வாசல்படியிலிருந்து இறங்கி வந்தாள். “எய்யா, ஆட்டுக்குட்டியக் கெட்டுத மாதிரிப் பச்சப் புள்ளையக் கெட்டிப் போடுதியே, ஒனக்குக் கை வருதா?” நான் செலான் தாளையும் 110 கிலோவையும் சொன்னேன். அவள் காதில் வாங்கவில்லை. கோபத்தில் நான், “நீங்கல்லாம் என்னை எப்படிக் கொண்டு போனீங்க?” என்று கேட்டுவிட்டேன். பதிலை எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி இல்லை அது.

அம்மா கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். பிறகு சொன்னாள். அப்பா அணைக்கட்டில் பொதுப்பணித் துறை வேலையில் இருந்தபோது சைக்கிள்தான். முன் கம்பியில் ஒரு சின்னச் சீட்டு, கம்பியில் முடைந்தது. என்னை அதில் உட்கார வைத்து அம்பாசமுத்திரம் வரை கொண்டு போவாராம். “நீ தூங்கித் தூங்கிச் சாயுவே. அதுக்குத்தான் ஒங்க அப்பா தோள்ல கிடக்க துண்ட எடுத்து ஒன்ன அவுக வயித்தோட சேத்துக் கெட்டிக்கிடுவாக. நீ கத்துவே. கத்துனாலும் அவுக்க மாட்டாக.” சொல்லிவிட்டு இருக்கையின் வாரை விரலால் தொட்டுப் பார்த்தாள். வேறொன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டாள்.

எனக்கு அந்தச் சைக்கிள் நினைவிருக்கிறது, துண்டு நினைவில்லை. அப்பா எனக்குக் கிடைத்தது மௌனமான, கண்டிப்பான மனுஷராகத்தான். மடியில் உட்கார வைத்துக் கொஞ்சினார் என்று ஒரு சித்திரமும் என்னிடம் இல்லை. அதை ஒரு குறையாகவே நான் நினைத்து வந்திருக்கிறேன், எழுதவும் செய்திருக்கிறேன். அந்தத் துண்டு எதையெல்லாம் தாங்கியிருக்கும் என்று கணக்குப் போட்டால் அதிகம் தேறாது. ஒரு மோதலில் முடிச்சு அவிழ்ந்திருக்கும், அல்லது அவரே என்மேல் விழுந்திருப்பார். ஆனால் அழுகிற குழந்தையை அவிழ்க்காமல் மிதித்துக்கொண்டு போனவருக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கிறது. பிரியம் கைகளில் இருக்கிறது என்று அவர் நம்பவில்லை. கை ஓய்ந்துவிடும், தூங்கிவிடும், வேறெதையாவது பிடிக்கப் போய்விடும். கை இல்லாதபோதும் பிடித்துக்கொண்டிருக்கிற ஒன்றை ஏற்பாடு செய்வதுதான் அவர் செய்தது. நம் கவிதையில் இந்த முடிச்சுக்கு இடம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. மடிக்கு இருக்கிறது.

இப்போது குழந்தைக்குப் பதினாலு மாதம். ஒன்பதே முக்கால் கிலோ. பின்னோக்கி உட்காரும்போது தோள் வார் தோளின் மட்டத்திலோ, சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். தை மாதத்தில் ஒரு துளை மேலே ஏற்றினேன். வீட்டுச் சுவரில் உயரத்தைக் கோடு போடுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை, இதுவே கணக்கு. வார் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க தோளருகே இரண்டு விரலால் கிள்ளிப் பார்க்க வேண்டும். கிள்ள அகப்பட்டால் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பங்குனி வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் கொக்கியின் உலோகம் சுடும். ஈரத்துண்டு போட்டு மூடிவிட்டுப் போகிறேன். திரும்பி வந்ததும் முதலில் என் கையை வைத்துப் பார்க்கிறேன். கால் மடங்குகிறதே, இனி முன்னால் திருப்பக் கூடாதா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். கால் மடங்கினால் பாதகமில்லை. குழந்தைகள் எப்படியும் சம்மணம் போட்டுத்தான் உட்காருகின்றன. அடுத்த மாதம் பதினைந்து முடிகிறது. விதி அனுமதிக்கும் முதல் நாளிலேயே திருப்ப வேண்டும் என்று விதி சொல்லவில்லை. எடை வரம்புக்குள் இருந்து, தலை கூட்டின் மேல் விளிம்புக்குக் கீழே இருக்கும்வரை இப்படியே போகலாம் என்று இருக்கிறேன்.

இதில் ஒரு பெருமையும் கொள்ள வழியில்லை. போன வாரம் வண்டி ஒர்க்ஷாப்பில் இருந்தது; திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போனோம். பஸ்ஸில் வாரும் இல்லை, கொக்கியும் இல்லை. ஜன்னல் ஓரத்தில் மனைவியின் மடியில் குழந்தை. பக்கத்தில், பின்னால், எதிரில் எல்லா மடிகளிலும் குழந்தைகள். டிரைவர் வீரவநல்லூர் தாண்டி வேகமெடுத்தபோது நான் முன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உடம்பை அவர்களுக்குக் குறுக்கே வைத்து, பட்டமடை வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். அதனால் ஒரு பயனும் கிடையாது என்று எனக்குத் தெரியும். கணக்குத் தெரிந்த பிறகும் அப்படித்தான் உட்கார முடிந்தது.

காரில் போகும்போது இன்னும் அழுகிறாள், முக்கியமாகத் திரும்பி வரும்போது. போகும்போது அழுகை குறைவு. அதற்குக் காரணத்தை மனைவிதான் கண்டுபிடித்துச் சொன்னாள். மணிமுத்தாறிலிருந்து கிழக்கே கிளம்பினால் நாங்கள் இரண்டு பேரும் பார்ப்பது ரோட்டையும், வெயிலையும், எதிரே வரும் லாரியையும். பின்னோக்கி உட்கார்ந்திருப்பவளுக்குப் பின் கண்ணாடி முழுக்க மலை. சேரன்மகாதேவி வரையில் மலை அவளை விட்டுப் போவதே இல்லை. திரும்பும்போது எங்களுக்கு மலை, அவளுக்கு வெறும் ரோடு. அழுகை பொறுக்க முடியாமல் போனால் வண்டியை ஓரமாக நிறுத்துகிறேன். மனைவி அவளை அவிழ்த்து வெளியே எடுத்து, ஒக்கலில் வைத்துக்கொண்டு வயல் வரப்பில் பத்து நிமிஷம் நடக்கிறாள். பிறகு கொண்டு வந்து உட்கார வைக்கிறாள். நான் வாரை மாட்டி, தோளருகே கிள்ளிப் பார்த்துவிட்டு, வண்டியை எடுக்கிறேன். அவள் மறுபடி அழ ஆரம்பிக்கிறாள்.